வயதான நாய்க்கு கட்டி: ஆபரேஷன் செய்யலாமா, வேண்டாமா? எதை வைத்து முடிவு செய்வது?

குளிப்பாட்டும்போதோ, வயிற்றைத் தடவிக் கொடுக்கும்போதோதான் முதலில் கையில் தட்டுப்படும். சுண்டைக்காய் அளவில் ஒரு கட்டி. 'போன மாசம் இது இல்லையே' என்பார் வீட்டில் ஒருவர். 'அது ரொம்ப நாளா இருக்கு, ஒண்ணும் செய்யாது' என்பார் இன்னொருவர். சில மாதம் கழித்து அது எலுமிச்சை அளவுக்கு வந்த பிறகு டாக்டரிடம் போனால், 'ஆபரேஷன் பண்ணி எடுக்கலாம். ஆனா வயசு 12 ஆகுது. வீட்ல கலந்து பேசிட்டு சொல்லுங்க' என்று பதில் வரும்.

சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. 'இந்த வயசுல அதுமேல எதுக்கு கத்தி வைக்கணும், இருக்கிற வரைக்கும் நல்லா இருக்கட்டும்' என்று அப்பா சொல்வார். 'எடுக்காம விட்டா வலிச்சு சாகும்' என்று மகள் அழுவார். இரண்டு பேரும் நாய் மேல் இருக்கும் பாசத்தில்தான் பேசுகிறார்கள். ஆனால் இருவருமே சில அடிப்படை விஷயங்கள் தெரியாமல் பேசுகிறார்கள் என்பதும் உண்மை. அது என்ன கட்டி? மயக்க மருந்தை நாய் தாங்குமா? எடுத்தால் எத்தனை நாள், எடுக்காவிட்டால் எத்தனை நாள்? இந்தப் பதில்கள் கைக்கு வந்த பிறகு பெரும்பாலான வீடுகளில் வாக்குவாதம் பாதியாகக் குறைந்துவிடும்.

12 வயது என்றால் கிழடா?

முதலில் வயசுக் கணக்கைச் சரி செய்ய வேண்டும். 'நாயோட ஒரு வருஷம் மனுஷனுக்கு ஏழு வருஷம்' என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது எல்லா நாய்க்கும் பொருந்தாது. கிரேட் டேன் மாதிரி பெரிய நாய்கள் 8, 9 வயதிலேயே முதுமையின் கடைசிக்கு வந்துவிடும். ஸ்பிட்ஸ், டாஷ்ஹண்ட் போன்ற சின்ன நாய்கள் 14, 15 வயது வரை சாதாரணமாக ஓடும். லாப்ரடார் இரண்டுக்கும் நடுவில். அதனால்தான் கால்நடை மருத்துவத்தில் 'இத்தனை வயது ஆனால் முதியது' என்று ஒரே எண்ணைச் சொல்வதில்லை. அந்த இனத்துக்கு எதிர்பார்க்கப்படும் ஆயுளில் கடைசி கால் பங்கைத்தான் முதுமை என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

அதே 12 வயதில் இருக்கும் இரண்டு ஸ்பிட்ஸ் நாய்களைப் பாருங்கள். ஒன்று காலையில் கேட் திறக்கும் சத்தம் கேட்டு எழுந்து ஓடுகிறது. இன்னொன்று இரவெல்லாம் இருமுகிறது, நாலு படி ஏறினால் நின்றுவிடுகிறது. ஆபரேஷன் மேஜையில் இந்த இரண்டும் ஒரே வயது கிடையாது. டாக்டர்கள் 'வயசு ஒரு நோய் இல்லை' என்று சொல்வது இதைத்தான். ஆனால் வயசு கூடக் கூட இதயம், சிறுநீரகம், கல்லீரலில் ஏதாவது ஒரு பிரச்சினை மறைந்திருக்கும் வாய்ப்பும் கூடுகிறது. அதைத் தேடிப் பார்க்காமல் 'வயசாயிடுச்சு' என்ற ஒரே காரணத்துக்காக மறுப்பதும் தவறு, தேடிப் பார்க்காமல் மயக்க மருந்து கொடுப்பதும் தவறு.

முதல் வேலை: கட்டியின் பெயரைக் கண்டுபிடிப்பது

கையால் தொட்டுப் பார்த்து 'இது கொழுப்புக் கட்டிதான்' என்று யார் சொன்னாலும், டாக்டரே சொன்னாலும், ஒரு ஊசி டெஸ்ட் கேளுங்கள். சாதாரண ரத்தம் எடுக்கும் ஊசி மாதிரி மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் செலுத்தி, கொஞ்சம் செல்களை எடுத்து, கண்ணாடித் தகட்டில் தடவி, மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள். பெரும்பாலும் மயக்க மருந்து தேவைப்படாது. சில நிமிட வேலை. ஊசி குத்தினால் புற்றுநோய் பரவிவிடும் என்ற பயம் நம் ஊரில் நிறைய இருக்கிறது. தோலில் இருக்கும் கட்டிகளைப் பொறுத்தவரை அந்தப் பயத்தால் டெஸ்ட்டைத் தள்ளிப்போடுவதில் வரும் நஷ்டம்தான் பெரியது.

ஏன் இவ்வளவு வற்புறுத்தல்? ஏனென்றால் கட்டியின் பெயர் மாறினால் முடிவே தலைகீழாக மாறும்.

குண்டாக இருக்கும் வயதான நாய்களுக்கு விலாப்பக்கம், நெஞ்சு, தொடை இடுக்கில் வரும் கொழுப்புக் கட்டி மெத்தென்று இருக்கும், தோலுக்கு அடியில் நகரும். நடையைத் தடுக்காத வரை அதைத் தொடவே வேண்டாம். அளவை மட்டும் எழுதி வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தால் போதும். வயதான நாய்க்கு வரும் கட்டிகளில் இப்படி விட்டுவிடக்கூடியவை நிறையவே உண்டு.

ஆனால் மாஸ்ட் செல் கட்டி என்று ஒன்று இருக்கிறது. தோலில் வரும் புற்றுநோய். மரு மாதிரி இருக்கும், கொசுக்கடி மாதிரி இருக்கும், சில நேரம் அச்சு அசல் கொழுப்புக் கட்டி மாதிரியே இருக்கும். கையால் பிடித்துப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஒரு நாள் வீங்கும், மறுநாள் வற்றும். 'தானா குறைஞ்சிடுச்சு' என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள். கட்டியை அழுத்தினால், பிசைந்தால் அதிலிருந்து ஹிஸ்டமின் வெளியேறி சுற்றிலும் சிவந்து வீங்கும், வயிற்றில் புண்ணும் வரலாம். இதை எடுக்கும்போது கட்டியை மட்டும் நோண்டி எடுத்தால் போதாது. சுற்றிலும் 2 முதல் 3 சென்டிமீட்டர் நல்ல தோலையும், அடியில் ஒரு அடுக்கையும் சேர்த்து எடுக்க வேண்டியிருக்கும். முதல் ஆபரேஷன்தான் நல்ல வாய்ப்பு. என்ன கட்டி என்று தெரியாமல் அரைகுறையாக எடுத்துவிட்டு, திரும்ப வந்த பிறகு இரண்டாவது முறை வயதான நாயை மேஜையில் படுக்க வைப்பதுதான் மோசமான நிலைமை.

கத்தியே தேவைப்படாத புற்றுநோயும் உண்டு. தெருவில் சுதந்திரமாகத் திரியும் நாய்களிடம் இனச்சேர்க்கை மூலம் தொற்றும் டி.வி.டி. கட்டி இந்தியாவில் அதிகம். பிறப்புறுப்பில் காலிஃபிளவர் மாதிரி வளர்ந்து ரத்தம் சொட்டும். மோப்பம் பிடிப்பதால் மூக்கிலும் வரும். தெருவில் இருந்து தத்தெடுத்த நாய்க்கு வயதான பிறகு மூக்கில் விடாமல் ரத்தம் வந்தால் இதையும் சந்தேகிக்க வேண்டும். பார்க்கவே பயமாக இருக்கும் இந்தக் கட்டி, வின்கிரிஸ்டின் என்ற மருந்தை வாரம் ஒரு முறை நரம்பில் ஏற்றினால் சில வாரங்களில் பெரும்பாலான நாய்களுக்குக் கரைந்துவிடும். ஒரு கொசுறுத் தகவல்: உலகம் முழுக்க நாய்களிடம் இருக்கும் இந்தக் கட்டி, பல ஆயிரம் வருஷத்துக்கு முன் வாழ்ந்த ஒரே ஒரு நாயின் செல்லில் இருந்து வந்தது என்பதை மரபணு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

கருத்தடை செய்யாத ஆண் நாய்க்கு ஆசனவாயைச் சுற்றி வரும் கட்டிகளில் பலவும் ஹார்மோனால் வளர்பவை. விதைப்பையை அகற்றினாலே சுருங்கிவிடும் வகை அதில் அதிகம். அதே இடத்தில் வேறு மோசமான வகையும் வரும், அதில் ரத்தத்தில் கால்சியம் கூடி நாய் குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கும். இங்கேயும் ஊசி டெஸ்ட்தான் வழிகாட்டி.

பெண் நாய்க்கு மடியில் கட்டி: அதிகம் வரும் கேள்வி

கருத்தடை செய்யாமல் வளர்த்த பெண் நாய்களுக்கு 9, 10 வயதைத் தாண்டும்போது மடியில் கட்டி வருவது மிகவும் சாதாரணம். நாய்க்குப் பொதுவாக ஐந்து ஜோடி பால் சுரப்பிகள் இருக்கும். கட்டி பெரும்பாலும் பின்னங்கால் பக்கம் இருக்கும் கடைசி இரண்டு ஜோடியில் வரும். இதில் ஏறக்குறைய பாதி சாதுவான கட்டி, பாதி புற்றுநோய். அதாவது காசைச் சுண்டிப் போட்ட மாதிரி.

மற்ற கட்டிகளில் ஊசி டெஸ்ட் நல்ல பதில் தரும். மடிக் கட்டியில் மட்டும் அது கொஞ்சம் தடுமாறும். சாதுவானதா, கெட்டதா என்பதை ஊசியை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்வது கஷ்டம். கட்டியை எடுத்து லேபுக்கு அனுப்பினால்தான் தெரியும். அதனால் இங்கே ஆபரேஷன்தான் சிகிச்சை, ஆபரேஷன்தான் டெஸ்ட்டும்.

முடிவெடுக்க மிகவும் உதவும் ஒரு விஷயம், அளவு. 3 சென்டிமீட்டருக்குள் இருக்கும்போதே எடுத்த நாய்களுக்கு வாய்ப்பு நன்றாக இருக்கிறது. 3 முதல் 5 வரை நடுத்தரம். 5 சென்டிமீட்டரைத் தாண்டினால் நிலைமை கடினம். வீட்டில் ஸ்கேல் வைத்து அளந்து, தேதி போட்டு போனில் படம் எடுத்து வைத்தால் டாக்டருக்கே பெரிய உதவி. ஒரு மாதத்தில் இரண்டு மடங்கு ஆவது, தோலோடும் தசையோடும் ஒட்டிக்கொண்டு நகராமல் இருப்பது, மேல்தோல் வெடித்துப் புண்ணாவது இவையெல்லாம் கெட்ட அறிகுறிகள்.

'ஆறு மாசம் பார்த்துட்டு பண்ணலாம்' என்ற முடிவு பாதுகாப்பானது மாதிரித் தோன்றும். உண்மையில் இந்த விஷயத்தில் காத்திருப்பதும் ஒரு முடிவுதான். இன்றைக்கு நெல்லிக்காய் அளவு கட்டியை எடுக்க அரை மணி நேர ஆபரேஷன் போதும். அதே கட்டி பெரிய மாங்காய் அளவுக்கு வந்து தொங்கும்போது, இன்னும் ஒரு வயது கூடிய நாய்க்கு, நீண்ட மயக்கமும் பெரிய காயமும் தேவைப்படும். கடைசியில் 'வயசாயிடுச்சு, தாங்காது' என்று தள்ளிப்போட்ட நாய்தான் 14 வயதில் ரத்தம் ஒழுகும் கட்டியோடு அவசரமாக மேஜைக்கு வருகிறது.

ஒரு கட்டிக்காக ஒரு பக்கம் முழுவதும் எடுக்க வேண்டுமா? அவசியம் இல்லை. சுற்றிலும் நல்ல தசையோடு முழுமையாக எடுத்துவிட்டால், பெரிய ஆபரேஷன் செய்ததால் மட்டும் ஆயுள் கூடுவதில்லை. வயதான நாய்க்குச் சின்ன ஆபரேஷன், குறைந்த நேர மயக்கம் என்பது நல்ல பேரம். பல கட்டிகள் வரிசையாக இருந்தால் கதை வேறு. கூடவே கர்ப்பப்பையையும் எடுப்பதா என்பதில் டாக்டர்களிடையே ஒரே கருத்து இல்லை. எடுத்தால் வயதான பெண் நாய்களின் உயிரை எடுக்கும் கர்ப்பப்பை சீழ் நோய் வராது. ஆனால் மயக்க நேரம் கூடும். உங்கள் நாயின் உடல்நிலையைப் பார்த்துத்தான் அதைச் சொல்ல முடியும்.

மடி முழுவதும் சிவந்து, சூடாக, கல் மாதிரி இறுகி, தொட்டாலே நாய் அலறுகிறது என்றால் அது அழற்சி வகைப் புற்றுநோயாக இருக்கலாம். இதற்கு ஆபரேஷன் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை. காயம் ஆறாது, நோயும் நிற்காது. வலி மருந்துதான் வழி.

வயிற்றுக்குள், எலும்புக்குள் கட்டி இருந்தால்?

இது கடினமான பகுதி. காலையில் நன்றாகச் சாப்பிட்ட ஜெர்மன் ஷெப்பர்டோ, கோல்டன் ரெட்ரீவரோ சாயங்காலம் திடீரென்று சரிந்து விழும். ஈறு வெள்ளையாக இருக்கும். ஸ்கேன் எடுத்தால் மண்ணீரலில் கட்டி வெடித்து வயிற்றுக்குள் ரத்தம். அரை மணி நேரத்தில் முடிவு சொல்ல வேண்டும்.

மண்ணீரல் கட்டிகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கு சாதுவானவை. அவற்றை எடுத்துவிட்டால் நாய் முழுசாகப் பிழைக்கும். மீதி இரண்டு பங்கு புற்றுநோய். அதில் பெரும்பான்மை ஹெமாஞ்சியோசார்கோமா என்ற ரத்தக்குழாய்ப் புற்றுநோய். அதுவாக இருந்தால் ஆபரேஷன் மட்டும் செய்த நாய்களில் பாதி, 1 முதல் 3 மாதத்துக்குள் போய்விடுகின்றன. கீமோ சேர்த்தால் 4 முதல் 6 மாதம். வெடித்து ரத்தம் கசியும்போது எது என்று ஸ்கேனில் அறுதியிட்டுச் சொல்ல முடியாது.

இங்கே பலரும் கேட்க மறக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. 'வயித்தைத் திறந்து பார்த்து, கல்லீரல் எல்லாம் பரவியிருந்தா என்ன செய்வீங்க?' இதை ஆபரேஷனுக்கு முன்பே பேசிவிட வேண்டும். அப்படி இருந்தால் மயக்கத்திலிருந்து எழுப்பாமலேயே வலியின்றி விடைகொடுத்துவிடலாம் என்று சில குடும்பங்கள் முன்கூட்டியே சொல்லிவிடுகின்றன. எழுப்பிக் கொடுங்கள், ஒரு வாரமாவது கூட இருக்கட்டும் என்று சில குடும்பங்கள் கேட்கின்றன. எதுவாக இருந்தாலும் அந்த நேரத்தில் போனை எடுக்க வீட்டில் ஒருவர் தயாராக இருக்க வேண்டும்.

பெரிய நாய்களுக்குக் காலில் வரும் எலும்புப் புற்றுநோயில் காலை எடுப்பது முதலில் வலியை நிறுத்துவதற்காக. கண்டுபிடிக்கும்போதே சுமார் 90 சதவீத நாய்களுக்கு அது கண்ணுக்குத் தெரியாத அளவில் பரவியிருக்கும். காலை மட்டும் எடுத்தால் சராசரியாக 4 முதல் 5 மாதம், கீமோவும் கொடுத்தால் சுமார் 10 முதல் 12 மாதம். மூன்று காலில் நாய்கள் ஆச்சரியப்படும் அளவுக்கு நன்றாக நடக்கும். ஆனால் மற்ற மூன்று காலிலும் மூட்டுவலி இருக்கும் 45 கிலோ நாய்க்கு அந்த ஆச்சரியம் நடக்காது.

'மயக்க மருந்து கொடுத்தா எழுந்திருக்காதே' என்ற பயம்

இந்தப் பயத்துக்கு எண்ணிக்கையில் பதில் இருக்கிறது. பிரிட்டனில் 2002 முதல் 2004 வரை 98,000-க்கும் மேற்பட்ட நாய்களை வைத்து நடந்த பெரிய ஆய்வு 2008-ல் வெளியானது. மயக்க மருந்து தொடர்பான மரணம் மொத்தத்தில் 0.17 சதவீதம், அதாவது சுமார் 600 நாய்க்கு ஒன்று. ஆரோக்கியமான நாய்களை மட்டும் எடுத்தால் சுமார் 1,800-ல் ஒன்று. ஏற்கெனவே நோய் இருந்த நாய்களில் சுமார் 75-ல் ஒன்று.

இந்த எண்களில் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிகிறது. ஆரோக்கியமான நாய்க்கும் நோயுள்ள நாய்க்கும் இடையே ஆபத்து 20 மடங்குக்கும் மேல் மாறுகிறது. வயது கூடும்போதும் ஆபத்து கூடியது உண்மைதான். ஆனாலும் 75-ல் ஒன்று என்பது, 74 நாய்கள் எழுந்து வந்தன என்பதையும் சேர்த்துத்தான். பிரிட்டன் கிளினிக்குகளின் வசதியில் கிடைத்த எண் இது என்பதையும் மறக்கக் கூடாது. உங்கள் ஊர் கிளினிக்கில் என்ன வசதி இருக்கிறது என்பதைப் பொறுத்து அது மாறும்.

அதே ஆய்வில் இன்னொரு தகவல். நாய்களின் மரணங்களில் கிட்டத்தட்ட பாதி, ஆபரேஷன் முடிந்த பிறகு நடந்தவை. அதில் பெரும்பாலும் முதல் 3 மணி நேரத்துக்குள். 'ஆபரேஷன் சக்சஸ், கூட்டிட்டுப் போங்க' என்று கண் சொருகிய நாயை உடனே ஆட்டோவில் ஏற்றி அனுப்பும் இடத்தில் வயதான நாயைக் காட்டாமல் இருப்பது நல்லது.

டாக்டரிடம் தயங்காமல் கேட்கலாம்: மயக்கம் ஊசியில் மட்டுமா, ஐசோஃபுளுரேன் கேஸ் வசதி இருக்கா? கத்தி பிடிக்கும் டாக்டரைத் தவிர, மயக்கத்தை மட்டும் கவனிக்க இன்னொருவர் இருப்பாரா? ஆக்ஸிஜன், இதயத் துடிப்பு, ரத்த அழுத்தம் காட்டும் மானிட்டர் உண்டா? உடம்பு குளிர்ந்துபோகாமல் என்ன செய்வீர்கள்? எழுந்து உட்காரும் வரை அங்கேயே வைத்திருப்பீர்களா? நல்ல டாக்டர் யாரும் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார்.

ஆபரேஷனுக்கு முன் என்னென்ன டெஸ்ட்?

ரத்தம், சிறுநீர், நெஞ்சு எக்ஸ்ரே, வயிறு ஸ்கேன், தேவைப்பட்டால் இதய எக்கோ. பட்டியல் நீளம்தான், ஆனால் ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு.

சிறுநீரகம் முக்கால் பங்கு கெட்ட பிறகுதான் ரத்தத்தில் கிரியேட்டினின் ஏறும். அதனால் ரத்த ரிப்போர்ட் நார்மல் என்றாலும் சிறுநீரையும் பார்ப்பது நல்லது. ஸ்பிட்ஸ் மாதிரி சின்ன நாய்களுக்கு வயதானால் இதய வால்வு கசிவது சகஜம். டாக்டர் ஸ்டெதஸ்கோப்பில் 'சத்தம் கேக்குது' என்றால் எக்கோ பார்த்துவிட வேண்டும். வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது: நாய் நன்றாகத் தூங்கும்போது ஒரு நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சு விடுகிறது என்று எண்ணுங்கள். தொடர்ந்து 30-க்கு மேல் போனால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

நம் ஊருக்கென்று தனியாகக் கவனிக்க வேண்டியது உண்ணிக் காய்ச்சல். தமிழ்நாட்டில் உண்ணி இல்லாத சீசனே கிடையாது. உண்ணி மூலம் வரும் எர்லிக்கியா கிருமி வெளியே ஒன்றும் காட்டாமல் உடம்பில் தங்கி, ரத்தத் தட்டணுக்களைக் குறைத்து வைக்கும். அந்த நிலையில் கத்தி வைத்தால் ரத்தம் உறையாது. தட்டணு குறைவாக இருந்தால் முதலில் அதற்கு மருந்து கொடுத்து, எண்ணிக்கை ஏறிய பிறகு ஆபரேஷன். சில வாரத் தாமதம் இங்கே நியாயமானது.

நெஞ்சு எக்ஸ்ரேயை இரண்டு பக்கவாட்டிலும் நேராகவும் என மூன்று கோணத்தில் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். நுரையீரலில் பரவியிருக்கிறதா என்பதை ஒரே படத்தில் தவறவிட வாய்ப்பு உண்டு. பரவியிருப்பது தெரிந்தால் 'குணப்படுத்த ஆபரேஷன்' என்ற பேச்சு அங்கேயே முடிந்துவிடும். புண்ணான கட்டியின் வேதனையைக் குறைக்க மட்டும் எடுப்பதா என்பது தனிக் கேள்வி.

இன்னொன்று, கட்டி என்னவென்று தெரியும் முன் ஸ்டீராய்டு கொடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சில புற்றுநோய்களை அது தற்காலிகமாகச் சுருக்கி, டெஸ்ட்டையே குழப்பிவிடும்.

ஆபரேஷன் வேண்டாம் என்று முடிவெடுத்தால்?

அதுவும் மதிக்க வேண்டிய முடிவுதான். சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்திருக்கிறது, இதயம் பலவீனம், நுரையீரலில் பரவிவிட்டது, அல்லது நாய் இரவில் சுவரைப் பார்த்து நின்று குரைக்கும் அளவுக்கு மறதி நோயில் இருக்கிறது என்றால், கத்தியைத் தவிர்ப்பதே நாய்க்கு நல்லது என்று பல டாக்டர்களும் சொல்வார்கள். மெதுவாக வளரும் கட்டி, நாய்க்கோ இன்னும் சில மாத ஆயுள்தான் என்றால், கட்டி தொல்லை கொடுக்கும் முன்பே நாய் நிம்மதியாகப் போய்ச் சேரவும் கூடும்.

ஆனால் 'ஆபரேஷன் வேண்டாம்' என்றால் 'சிகிச்சையே வேண்டாம்' என்று அர்த்தம் இல்லை. டாக்டர் எழுதிக் கொடுக்கும் வலி மருந்து, பசி தூண்டும் மருந்து, புண் துடைப்பது எல்லாம் தொடர வேண்டும். மனிதர்களுக்கான பாராசிட்டமால், இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் மாத்திரைகளை வீட்டிலேயே உடைத்துக் கொடுக்கக் கூடாது. நாய்க்குக் கல்லீரலும் வயிறும் சிறுநீரகமும் போய்விடும்.

நம் வெயிலில் பெரிய எதிரி ஈ. கட்டி வெடித்துப் புண்ணானால் ஓரிரு நாளில் ஈ முட்டையிட்டுப் புழு வைத்துவிடும். வெளியே கட்டிப் போட்டு வளர்க்கும் நாய்களுக்கு இது அடிக்கடி நடக்கிறது. பினாயில், மண்ணெண்ணெய் ஊற்றுவது சித்திரவதை, நக்கினால் விஷமும் கூட. கட்டியின் மேல் தோல் மினுமினுப்பாகி மெலிய ஆரம்பித்தாலே நாயை வீட்டுக்குள் கொண்டுவந்து, பழைய பருத்தி டீ-ஷர்ட்டை மாட்டி, தினமும் பார்க்க வேண்டும். இதைச் செய்ய ஆள் இல்லாத வீட்டில், புண்ணாகும் வகைக் கட்டியை விட்டுவைப்பது நாய்க்குக் கருணை ஆகாது.

செலவு எவ்வளவு ஆகும், எங்கே போவது?

இடத்துக்கு இடம் பெரிய வித்தியாசம் உண்டு. தனியாரில் டெஸ்ட், மயக்கம், ஆபரேஷன், லேப், கட்டு மாற்றுவது எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று முன்பே எழுதி வாங்குங்கள். பணம் இல்லை என்பது வெட்கப்படும் விஷயம் இல்லை. பட்ஜெட்டைத் திறந்து சொன்னால்தான் எந்த டெஸ்ட் கட்டாயம், எதைத் தவிர்க்கலாம் என்று டாக்டர் சொல்ல முடியும்.

சென்னை வேப்பேரியில் 1903 முதல் இயங்கும் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் நாய், பூனைகளுக்குத் தனிப் பிரிவுகள் இருக்கின்றன. தனியாரோடு ஒப்பிட்டால் கட்டணம் குறைவு, கூட்டம் அதிகம். நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளிலும் மருத்துவமனைகள் உண்டு. மாவட்ட அளவில் அரசு கால்நடை பன்முக மருத்துவமனைகளில் எந்தெந்த ஆபரேஷன் நடக்கிறது என்பதை நேரில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

எடுத்த கட்டியைக் குப்பையில் போட விடாதீர்கள். ஃபார்மலின் உள்ள டப்பாவில் போட்டு லேபுக்கு அனுப்ப வேண்டும். கட்டியின் அளவைப் போல 10 மடங்கு ஃபார்மலின் இருக்க வேண்டும், வெறும் பிளாஸ்டிக் கவரில் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் அழுகிப் பயனில்லாமல் போகும். அந்த ரிப்போர்ட்டில் ஓரங்கள் சுத்தமாக இருந்தனவா என்பதுதான் அடுத்து என்ன செய்வது என்பதைச் சொல்லும்.

முதல் இரண்டு வாரம்

தையல் பிரிக்க 10 முதல் 14 நாள் ஆகும். அதுவரை கழுத்தில் கூம்பு காலர் கழற்றக் கூடாது. பாவம் என்று ஐந்து நிமிடம் கழற்றியதில் தையலைக் கடித்துப் பிரித்த நாய்கள் ஏராளம். வழுக்கும் டைல்ஸ் தரையில் சாக்கு அல்லது யோகா மேட் விரியுங்கள். சோஃபா, மாடிப்படி வேண்டாம். ஒரு நாளுக்கு மேல் சாப்பிடவில்லை, ஈறு வெளுக்கிறது, காயத்தில் சீழ் வாடை வருகிறது, மூச்சு வாங்குகிறது என்றால் காலை வரை காத்திருக்கக் கூடாது. முதல் இரவு தூங்காமல் முனகும், அது மயக்க மருந்தின் மிச்சமாகவும் இருக்கலாம், வலியாகவும் இருக்கலாம். டாக்டரின் போன் நம்பரைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நல்ல நாள் எத்தனை, கெட்ட நாள் எத்தனை?

ஆபரேஷன் செய்தாலும் செய்யாவிட்டாலும் ஒரு கட்டத்தில் 'போதுமா' என்ற கேள்வி வரும். அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் இதற்கு ஒரு மதிப்பெண் முறையை உருவாக்கினார். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், சந்தோஷம், நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்று ஏழு விஷயங்கள். ஒவ்வொன்றுக்கும் 10-க்கு மதிப்பெண். மொத்தம் 35-க்கு மேல் இருந்தால் நாயின் வாழ்க்கை ஓரளவு ஏற்கக்கூடியது, தொடரலாம் என்று பொருள்.

வலிக்கான மதிப்பெண்ணில் மூச்சுத் திணறலும் அடங்கும். வீட்டில் நாயோடு அதிக நேரம் இருப்பவர் ஒருவர், கொஞ்சம் விலகி நின்று பார்ப்பவர் ஒருவர் என இரண்டு பேர் தனித்தனியாக மதிப்பெண் போட்டால் நல்லது. பெரும்பாலும் இரண்டு தாளிலும் எண் வேறு வேறாக இருக்கும், பேச்சு அங்கிருந்து தொடங்கும்.

இன்னும் எளிய வழி தினசரி காலண்டர். நாய் சாப்பிட்டு, வாலாட்டி, தானாக எழுந்து வாசல் வரை வந்த நாளில் நீலப் பேனாவால் ஒரு டிக். அப்படி இல்லாத நாளில் சிவப்பு. ஆபரேஷனுக்கு முந்தைய இரண்டு வாரத்தில் இருந்தே இதை ஆரம்பித்தால், பிறகு ஒப்பிட்டுப் பார்க்க முடியும். சிவப்பு தொடர்ந்து கூட ஆரம்பித்தால் அந்தக் காலண்டர் தாள்களைக் கிழித்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். வலியின்றி விடைகொடுக்க வேண்டிய நேரம் வந்தால், முதலில் தூங்க வைக்கும் ஊசி, பிறகு அதிக அளவு மயக்க மருந்து என்ற முறையில் நாய்க்கு ஒன்றும் தெரியாமல் அது நடக்கும். சில டாக்டர்கள் வீட்டுக்கே வந்து செய்வார்கள். அந்த வசதி உண்டா என்பதை இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளலாம்.